மூன்று விலைப்புள்ளி வாங்கி நடுவில் இருப்பதை எடுத்தால் போதுமா?

8 பிப்ரவரி 2025, இரவு 10.40

சிங்கப்பூரின் யீஷூனில் 1988ல் கட்டிய நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. மறுவிற்பனையில் வாங்கினோம், சாவி கைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டு குளியலறை, சமையலறை, மின்கம்பி மாற்றம், வண்ணப்பூச்சு. சுவர் எதையும் இடிக்கவில்லை. சீனப் புத்தாண்டு முடிந்ததும் மூன்று குத்தகையாளர்களை (ஒப்பந்தக்காரர்களை) வரவழைத்துக் காட்டினேன். வந்த தொகைகள்: 27,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 38,400 வெள்ளி, 52,900 வெள்ளி.

அலுவலகத்தில் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். குறைத்துக் கேட்பவன் பாதியில் ஓடிவிடுவான், கூட்டிக் கேட்பவன் கொள்ளையடிப்பான், நடுவில் நிற்பவனைப் பிடி. எனக்கும் அது சரியாகவே படுகிறது. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும். "எல்லாரும் திருடர்கள்" என்று மட்டும் எழுத நினைப்பவர்களுக்கு இந்த இணைய மன்றத்தில் வேறு இழைகள் இருக்கின்றன.

9 பிப்ரவரி, காலை 7.15

"மூன்று பேரும் ஒரே வேலைக்குத்தான் விலை சொன்னார்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முதலில் எரிச்சலாக இருந்தது. ஒரே வீடு, காட்டியதும் ஒரே ஆள், வேலை எப்படி வேறாகும்?

இப்போது மூன்று தாள்களையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காப்பி ஆறிவிட்டது.

9 பிப்ரவரி, காலை 9.50

வசதிக்காக இனி இவர்களை மலிவு, நடு, உச்சம் என்றே அழைக்கிறேன்.

மலிவின் தாள் ஒரே பக்கம், ஏழு வரி. "குளியலறை 2, மொத்தம்" என்று ஒரு வரி, அதற்கு ஒரு தொகை. டைல்ஸ் நாமே வாங்கித் தர வேண்டும் என்பது கீழே பேனாவால் எழுதப்பட்டிருக்கிறது. மின்வேலை இல்லை. உடைத்த குப்பையைக் கொண்டுபோவது இல்லை. சமையலறைக் குழாய் வேலையும் இல்லை.

நடுவின் தாள் நான்கு பக்கம். எல்லாம் இருக்கிறது. ஆனால் குளியலறையில் பழைய டைல்ஸை உடைக்காமல் அதன் மேலேயே புதியதை ஒட்டும் கணக்கு.

உச்சத்தின் தாளில் பழையதை முழுக்க உடைத்து, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சுப் பூசி, புதிதாகப் பதிக்கும் கணக்கு. கூடவே வரவேற்பறைத் தரை 8,300 வெள்ளி. அதை நான் கேட்கவே இல்லை. கேட்காத வேலையைச் சேர்த்திருக்கிறான் பார் என்று மனைவியிடம் குமுறினேன். "நீங்கள் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது நான்தான் கேட்டேன்" என்று பதில் வந்தது.

மலிவின் தாளில் விட்டுப்போனவற்றுக்கு நடுவின் தாளில் இருக்கும் விலையைப் போட்டுப் பார்த்தேன். மின்வேலை 6,800, டைல்ஸ் 3,500, குழாய் 1,900, குப்பை 1,600. கூட்டினால் 13,800. ஆக மலிவு 41,300 ஆகிறார். நடுவைவிட அதிகம்! எது நடு என்பதே இப்போது எனக்குக் குழம்பிவிட்டது.

10 பிப்ரவரி

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். நான் ஒரு கப்பல் பட்டறையில் கொள்முதல் பிரிவில் 19 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஒரு வால்வு வாங்குவதென்றால்கூட அளவு, உலோகம், தாங்கும் அழுத்தம், எத்தனை, எந்தத் தேதிக்குள் என்று எழுதாமல் யாரிடமும் விலை கேட்க மாட்டேன். கேட்டால் என் மேலாளர் தாளைக் கிழித்துக் கையில் கொடுப்பார்.

சொந்த வீட்டில் என்ன செய்தேன்? குளியலறை வாசலில் நின்று கையை ஒரு சுற்றுச் சுற்றி, "இதெல்லாம் மாற்ற வேண்டும்" என்றேன். மூன்று பேரும் அந்தக் கைச்சுற்றுக்குத்தான் விலை போட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தம் மனத்தில் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு அதற்கு விலை சொல்லியிருக்கிறார்கள்.

15 பிப்ரவரி

சனிக்கிழமை முழுவதும் அளவு எடுத்தோம். அளவு நாடாவின் ஒரு முனை மனைவி கையில், மறுமுனை மகன் கையில், நோட்டு என் கையில். தெரிந்துகொண்டவற்றில் சில:

சமையலறை மரப்பெட்டிகளை ரன்னிங் அடிக்குத்தான் கணக்கிடுகிறார்கள். சுவர் 11 அடி. மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, ஆகவே 22 அடி என்று உச்சம் போட்டிருந்தார். நடு 19 அடி என்று போட்டிருந்தார். அவர் தப்பாக அளந்துவிட்டார் என்று நினைத்தேன். மனைவிதான் கண்டுபிடித்தார்: குளிர்பதனப் பெட்டி நிற்கும் இடத்தில் கீழ்ப்பெட்டி வராது. மூன்று அடி, 360 வெள்ளி. உச்சம் வேண்டுமென்றே செய்தாரா, சுவரை மட்டும் அளந்துவிட்டுப் போனாரா தெரியாது. வந்த அன்று அவர் லேசர் கருவியைச் சுவரில் ஒருமுறை காட்டிவிட்டுப் பையில் போட்டுக்கொண்டது நினைவிருக்கிறது.

மின்முனைகளை எண்ணினால் 23. "வீடு முழுக்க மின்கம்பி மாற்றம்" என்ற வரிக்குள் எத்தனை முனை அடங்கும் என்று மூன்று தாளிலும் இல்லை.

சுவர் டைல்ஸ் கூரைவரை போகிறதா, பொய்க்கூரைவரை போதுமா? கழிவுத்தொட்டி யார் வாங்குவது? பழையதைக் கழற்றுவது யார்? டைல்ஸுக்குச் சதுர அடிக்கு எத்தனை வெள்ளிவரை விலைக்குள் அடக்கம்? அதற்கு மேல் போனால் வித்தியாசத்தை யார் தருவது? எழுத எழுத மூன்று பக்கம் ஆகிவிட்டது.

16 பிப்ரவரி

பட்டியலை இங்கே போடச் சொல்லி நான்கு பேர் கேட்கிறார்கள். போட மாட்டேன். என் வீட்டுப் பட்டியல் உங்கள் வீட்டுக்கு உதவாது. நாடாவை எடுங்கள்.

22 பிப்ரவரி, இரவு

பட்டியலை மூவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

மலிவு குரல்பதிவு ஒன்று அனுப்பினார். இவ்வளவு எழுதுகிற வீட்டில் வேலை செய்தால் தலைவலிதான் மிஞ்சும் என்பது சாரம். பிறகு மனம் மாறி அழைத்தார். வீவக அங்கீகரித்த குத்தகையாளர் பட்டியலில் உங்கள் நிறுவனம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம், நண்பரின் நிறுவனத்தின் பெயரில் பெர்மிட் எடுத்துவிடலாமாம். "சனிக்கிழமை உடைத்துவிடுகிறேன், உங்களுக்கும் விடுமுறை, வந்து பார்க்கலாம்" என்று ஆசையும் காட்டினார். உடைப்பது, துளைப்பது, டைல்ஸ் அறுப்பது போன்ற இரைச்சல் வேலைகளுக்குத் திங்கள் முதல் வெள்ளிவரை காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதி. சனிக்கிழமை கூடாது. நாள்தோறும் இந்த வேலை செய்கிறவருக்கு இது தெரியாமலா இருக்கும்? அவரோடு பேச்சு அங்கேயே முடிந்தது.

உச்சம் வரவேற்பறைத் தரையை எடுத்துவிட்டு 44,600 என்று திருத்தி அனுப்பினார். நான்காம் பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் "பொருள், சேவை வரி தனி". அதாவது இன்னும் 4,014 வெள்ளி, மொத்தம் 48,614. இது ஏமாற்று வேலை இல்லாமல் வேறென்ன?

நடு பதிலே போடவில்லை. புளு டிக் மட்டும் தெரிகிறது.

26 பிப்ரவரி

திருத்தம். உச்சத்தை ஏமாற்றுக்காரர் என்று எழுதியது என் தப்பு. ஆண்டு விற்றுமுதல் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டும் நிறுவனங்கள் பொருள், சேவை வரிக்குப் பதிந்தே ஆக வேண்டும். பதிந்தவர்கள் 9 விழுக்காடு வசூலித்தே ஆக வேண்டும். உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையத்தளத்தில் தேடினேன், அவர் பதிந்திருக்கிறார். நடு பதியவில்லை, அதனால் வரி போடவில்லை. பதியாதவர் வரி என்று போட்டிருந்தால்தான் சண்டைக்குப் போக வேண்டும். எழுத்து சிறியது என்ற புகாரை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

1 மார்ச்

நடு பதில் போடாததற்குக் காரணம் இன்று தெரிந்தது. நேரில் வந்துவிட்டார். அறுபதை நெருங்கும் சீனர், ஒல்லி, சட்டைப் பையில் பென்சில். முதல் முறை வந்தபோது ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டுப் போனவர், இன்று ஒன்றரை மணி நேரம் இருந்தார்.

குளியலறைச் சுவரை 50 காசு நாணயத்தால் தட்டிக்கொண்டே போனார். டிக், டிக், டிக், ஓரிடத்தில் டொக். "இங்கே உள்ளே காலி" என்றார். பிறகு குனிந்து, திருப்புளியால் தரை வடிகால் மூடியை நெம்பி எடுத்தார். தலைமுடியும் சோப்புமாக ஒரு கட்டு வந்தது. அதைக் கையாலேயே எடுத்துப் போட்டுவிட்டு, கைப்பேசி விளக்கை உள்ளே அடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். குழியின் விளிம்பில், வெட்டிய லாப்பிஸ் குவே என்ற அடுக்குப் பலகாரத்தைப் போல, அடுக்குகள் தெரிந்தன: அடியில் சிமெண்ட், அதன் மேல் வெளிர்பச்சை டைல், இன்னும் ஒரு சிமெண்ட் வரி, அதன் மேல் இப்போதிருக்கும் பழுப்பு டைல். முன்பிருந்தவர் ஏற்கெனவே ஒருமுறை மேலே ஒட்டியிருக்கிறார். தரைப் பூச்சும் டைலும் சேர்ந்து 50 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது வீவக விதி. மூன்றாவது அடுக்குக்கு இடமில்லை.

"என் முதல் விலை தப்பு. மூடியைத் திறந்து பார்க்கவில்லை" என்றார். ஒரு குத்தகையாளர் இப்படிச் சொல்லி நான் கேட்டது இதுவே முதல் முறை. உடைத்துச் செய்யும் விலை 43,200.

அங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். உச்சத்தின் தாளை எடுத்து அவர்முன் வைத்து, இதைப் பாருங்கள், கொஞ்சம் குறையுங்கள் என்றேன். அவர் தாளைத் தொடவில்லை. பென்சிலைப் பையில் செருகிக்கொண்டார். பேசியது ஆங்கிலமும் மலாயும் கலந்த காப்பிக்கடை மொழி, நான் தமிழில் தருகிறேன்: "பாஸ், இந்தத் தாளை எனக்குக் காட்டுகிறீர்கள் என்றால் என் தாளை அவருக்குக் காட்டிவிட்டீர்கள். நான் இங்கே வந்து போக அரை நாள். அந்த அரை நாளுக்கு யாரும் எனக்குக் காசு தருவதில்லை. பத்து வீடு பார்த்தால் இரண்டு வீடுதான் வேலையாகும்."

அவர் சொன்னது உண்மை. காட்டியிருந்தேன். அலுவலகத்தில் ஒருவரின் விலையை இன்னொருவருக்குச் சொன்னால் வேலையே போய்விடும். வீட்டில் அதைச் சாமர்த்தியம் என்று நினைத்துச் செய்திருக்கிறேன்.

1 மார்ச், நள்ளிரவு

"தேக்கா சந்தையில் பேரம் பேசுவதில்லையா, அது மட்டும் சரியா?" என்று ஒருவர் கேட்கிறார். என் மாமியார் அங்கே முருங்கைக்காய்க்குப் பேசும் பேரத்தை நான் பலமுறை கூடை பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். காய் கண்ணெதிரே இருக்கிறது, ஒடித்தும் பார்க்கலாம். குளியலறை இன்னும் இல்லை. விலையைக் குறைத்தால் எது குறையும் என்று நமக்குத் தெரியாது, அவருக்குத்தான் தெரியும்.

2 மார்ச்

இன்னொன்று. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே நடு கேட்ட கேள்வி இரவெல்லாம் என்னைத் தூங்கவிடவில்லை: "உங்கள் புளோக்கில் இல்ல மேம்பாட்டுத் திட்டம் முடிந்துவிட்டதா?"

பழைய வீவக வீடுகளை அரசாங்கம் மேம்படுத்தித் தரும் திட்டம் அது. 1986 வரை கட்டிய வீடுகளுக்குத்தான் என்று நினைத்திருந்தேன். 1997 வரை கட்டியவற்றுக்கும் விரிவுபடுத்துவதாக 2018லேயே அறிவித்துவிட்டார்கள். எங்கள் புளோக்கில் இன்னும் நடக்கவில்லை. நடந்தால் குளியலறை மேம்பாட்டைச் சேர்த்துக்கொள்ளலாம். நாலறை வீட்டுக்காரச் சிங்கப்பூரர், விருப்பத் தேர்வுப் பணிகளுக்கு ஆகும் செலவில் 7.5 விழுக்காடுதான் தர வேண்டும். மீதி அரசாங்கத்தின் பொறுப்பு.

தன் வேலையைத் தானே கெடுத்துக்கொள்ளும் கேள்வியை அவர் ஏன் கேட்டார்?

5 மார்ச்

காத்திருக்கப் போவதில்லை. எங்கள் புளோக் எப்போது தேர்வாகும், அதற்கு வீட்டுக்காரர்களின் வாக்கெடுப்பு எப்போது என்று எதுவும் தெரியாமல், டொக்கென்று ஒலிக்கும் சுவருக்குள் அம்மாவைக் குளிக்க அனுப்ப முடியாது. இது சரியான முடிவா என்று கேட்காதீர்கள். மூன்று நாளாக மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறார், அதுவே போதும்.

8 மார்ச்

நடுவிடம் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. 43,200.

ஆமாம், கடைசியில் நடுவில் இருந்தவரைத்தான் பிடித்தேன். அலுவலகத்தில் சொன்னதும் "நாங்கள் அப்போதே சொல்லவில்லையா?" என்று ஒரே ஆரவாரம். முதலில் சொன்ன 38,400க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று விளக்கப் பார்த்தேன். யாரும் கேட்கத் தயாராக இல்லை.

பணம் கட்டும் முறை: கையெழுத்தின்போது 10 விழுக்காடு, உடைப்பு வேலை தொடங்கும் நாளில் 40, மரவேலை வந்து இறங்கியதும் 45, எல்லாம் முடிந்து குறைகளைச் சரிசெய்த பிறகு 5. அந்தக் கடைசி 5 விழுக்காடு, அதாவது 2,160 வெள்ளி, என் பிடிவாதம். உச்சம் தொடக்கத்திலேயே 40 கேட்டிருந்தார். அவரிடம் பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் இருந்தது, அந்த அங்கீகாரம் உள்ள புதுப்பிப்பு நிறுவனங்கள் வாடிக்கையாளரின் முன்பணத்துக்குப் பிணைப் பாதுகாப்புத் தர வேண்டும். நடுவிடம் அது இல்லை. அதனால்தான் முன்பணம் 10க்கு மேல் போகக்கூடாது என்று நின்றேன். அவரும் முணுமுணுக்கவில்லை.

9 மார்ச்

கேட்டவர்களுக்கு வேகமாக: சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளிவரை வழக்குத் தொடுக்கலாம், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது, நாமேதான் பேச வேண்டும். வாயால் சொன்ன வேலைக்கு அங்கே என்ன காட்டுவீர்கள்? வீவகவிடமிருந்து நேரடியாகப் புதிதாக வாங்கிய பிடிஓ வீட்டுக்காரருக்கு: முதல் மூன்று ஆண்டு குளியலறைத் தரை, சுவர் டைல்ஸை உடைக்க முடியாது, அதற்கு விலை கேட்டு யாருடைய அரை நாளையும் வீணாக்க வேண்டாம். மத்திய சேம நிதிப் பணத்தைப் புதுப்பிப்புக்கு எடுக்க முடியுமா? முடியாது.

3 ஏப்ரல்

நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்து உடைப்பு நடக்கிறது. டைல்ஸ் வேலைக்கு வந்திருப்பவர் அறந்தாங்கிக்காரர், முப்பது வயதிருக்கும். நான் தமிழ் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. உடனே நான் என் புத்தியைக் காட்டினேன்: "தம்பி, உண்மையைச் சொல், இது எத்தனை நாள் வேலை? முதலாளி அதிகமாகப் போட்டுவிட்டாரா?"

அவர் சிரித்தபடி சிமெண்டைக் குழைத்துக்கொண்டே, "அதை அவரிடமே கேளுங்கள் அண்ணே" என்றார்.

அவ்வளவுதான். ஊர்க்காரன் என்ற உரிமையில் அவர் சோற்றில் கைவைக்கப் பார்த்திருக்கிறேன் என்று மின்தூக்கியில் இறங்கும்போதுதான் உறைத்தது. மறுநாள் தேநீரும் வடையும் வாங்கிக்கொண்டு போனேன். வேலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

9 ஏப்ரல்

நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சுக் காய்ந்ததும் வடிகாலை அடைத்து, தரையில் தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் விட்டார்கள். மாலையில் நடுவும் நானும் கீழ்வீட்டு மக்சிக்கின் (மலாய் அம்மாவின்) கதவைத் தட்டி, கூரையைப் பார்க்கலாமா என்று கேட்டோம். உள்ளே விட்டார். நடு நாற்காலி மேல் ஏறி, கூரையில் உள்ளங்கையை வைத்து மெல்ல நகர்த்தினார், காய்ச்சல் பார்ப்பதுபோல. காய்ந்திருந்தது. மக்சிக் கேட்டார்: "மேலே முன்பிருந்தவர் எத்தனை தடவை சொல்லியும் வரவில்லை. நீங்கள் சொல்லாமலே வந்திருக்கிறீர்களே?" கூரையின் ஓரத்தில் பழைய மஞ்சள் கறை இருந்தது.

24 விழுக்காடு மலிவாகக் கிடைத்ததாகப் போன வாரம் இங்கே பெருமைப்பட்டவரிடம் ஒரு கேள்வி: இந்தச் சோதனை உங்கள் தாளில் இருக்கிறதா?

12 ஏப்ரல்

டைல்ஸ் பதித்தாகிவிட்டது. அறந்தாங்கித் தம்பி என்னைக் கூப்பிட்டு, சிகரெட் அட்டையிலிருந்து ஒரு துண்டு கிழித்துக் குளியலறையின் தூர மூலையில் போட்டார். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினார். அட்டைத்துண்டு தயங்கியது, திரும்பியது, பிறகு நேராக வடிகாலை நோக்கிப் போனது. மற்ற மூன்று மூலையிலிருந்தும் அப்படியே. "சாய்வு சரியாக இருக்கிறது அண்ணே. இதை உங்கள் பட்டியலில் எழுதவில்லை" என்றார்.

மூன்று பக்கம் எழுதியும் விட்டுப்போயிருக்கிறது.

17 மே

குறைகள் மூன்று இருந்தன, இரண்டு அன்றே சரியாயின. மரப்பெட்டிக் கதவு ஒன்று மட்டும் சாய்ந்தே நின்றது, அதற்கு 11 நாளும் நான்கு குறுஞ்செய்தியும் ஆயின. நடு குறையே இல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். கூடுதல் வேலைக்கு 640 வெள்ளி போட்டார், அதில் 200க்கு எனக்கு இன்னும் உடன்பாடில்லை, ஆனால் கொடுத்துவிட்டேன். 2,160ஐயும் நேற்றுக் கட்டிவிட்டேன். அவர் எண்ணைக் கேட்டு எழுதாதீர்கள், தர மாட்டேன்.

7 ஜூன்

நடுவிடமிருந்து காலையில் செய்தி. கதவு பற்றியோ என்று பயந்துகொண்டே திறந்தேன். உட்லண்ட்சில் ஒரு வீட்டுக்காரர் கையைச் சுற்றிக் காட்டிவிட்டு விலை கேட்கிறாராம், என் மூன்று பக்கத்தை அவருக்கு அனுப்பலாமா என்று கேட்கிறார்.

அனுப்பச் சொல்லிவிட்டேன். சாய்வையும் சேர்த்து.